கழுத்துவலியும் பயிற்சிச் சிகிச்சையும் - ஒரு வரலாற்று நோக்கு

நோயுற்ற உறுப்பை அசையாது வைத்திருத்தல் வேண்டும் என்பது மருத்துவ உலகில் நெடுங்காலம் ஐயத்துக்கிடமின்றி ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்த கோட்பாடுகளுள் ஒன்றாகும். முறிந்த கையை மட்டை வைத்துக் கட்டுவதும், வீங்கிய காலை உயர்த்திக் கிடத்துவதும் அனுபவத்தால் நன்மை தரக் கண்டவை. அவ்வனுபவம் கழுத்துவலிக்கும் அப்படியே பிரயோகிக்கப்பட்டது. வலிக்கும் கழுத்தைப் பட்டியிட்டு இறுக்கினர். நோயாளியைக் கட்டிலிற் கிடத்திப் பாரந் தொங்கவிட்டுத் தலையை இழுத்தனர். சடுதியிற் றிரும்பலாகாது என எச்சரித்தனர். இருபதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் இந்நிலை ஏறக்குறையத் தலைகீழாயிற்று. அதே கழுத்துக்கு வேலை கொடுக்கவேண்டும், அதுவும் தடைக்கு எதிராக வேலை கொடுக்கவேண்டும் என மருத்துவ ஏடுகள் எழுதலாயின. இம்மாற்றம் ஒரு கண்டுபிடிப்பினால் ஒருநாளில் நேர்ந்ததன்று. ஓய்வுக் கொள்கையும் இயக்கக் கொள்கையும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அருகருகே இருந்தன. முன்னையது வென்றமைக்குச் சான்றைக் காட்டிலும் அதனை உரைத்தோரின் சமூக நிலையே பெரிதுங் காரணமாயிற்று என்பதும், சான்று மிகப் பிந்தியே வந்தது என்பதும், வந்த சான்று இருதிறத்தாரின் பெருமிதத்தையும் ஒருங்கே குறைத்தது என்பதும் இவ்வரலாற்றை நோக்குவார்க்குப் புலனாகும்.

கழுத்துப் பகுதியில் ஏழு முள்ளென்புகள் உள. நாலு தொடக்கம் ஐந்து கிலோகிராம் வரை நிறையுள்ள தலையைத் தாங்குவதோடு, முள்ளந்தண்டின் ஏனைய பகுதிகளைக் காட்டிலும் கூடுதலாக அசையவேண்டிய கடமையும் அப்பகுதிக்கு உண்டு. இவ்விரு வேலைகளையும் என்புகள் தனித்துச் செய்வதில்லை. முள்ளென்புகளை ஒட்டி ஆழத்தே கிடக்கும் தசைகள் அவற்றை ஒன்றன்மேலொன்றாக நிலைப்படுத்த, மேற்புறத்துப் பெருந்தசைகள் தலையைத் திருப்பவும் குனியவைக்கவும் செய்கின்றன. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியே பொதுவாக நாட்பட்ட வலி எனப்படுவது. அவ்வாறு நீடிக்கும் கழுத்துவலியிற் பெரும்பகுதிக்கு முறிவோ, கட்டியோ, தொற்றோ காரணமாகக் காட்டமுடிவதில்லை. 2020 ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 203 மில்லியன் மக்கள் கழுத்துவலியுடையோராய் இருந்தனர் என மதிப்பிடப்பட்டுள்ளது. எனவே கழுத்தை அடக்குவதா அசைப்பதா என்பது வைத்தியசாலைச் சுவர்களுக்குள் அடங்கிவிடும் வினாவன்று.

ஓய்வுக் கொள்கைக்கு நூல்வடிவம் கொடுத்தவர் இலண்டன் கைஸ் வைத்தியசாலையின் சத்திரசிகிச்சை நிபுணரான ஜோன் ஹில்ற்றன் ஆவர். 1860 தொடக்கம் 1862 வரை அரச சத்திரசிகிச்சையாளர் கல்லூரியில் அவர் நிகழ்த்திய விரிவுரைகள் 1863 இல் நூலாயின. வலி என்பது உறுப்பு ஓய்வு கேட்கும் குரல் என்பது அவற்றின் சாரம். அவருக்குப் பின், என்பு பொருத்தும் பரம்பரையொன்றில் வேல்சிற் பிறந்து லிவர்ப்பூலில் ஏழைகளுக்கு மருத்துவஞ் செய்த ஹியூ ஓவன் தோமஸ் (1834 - 1891) இக்கொள்கையை அதன் எல்லைக்கே இட்டுச்சென்றார். ஓய்வு இடையறாது நெடுநாள் நீடிக்கவேண்டும் என்றும், நோயாளி இணங்காவிடினும் அதனைக் கட்டாயமாக்கல் வேண்டும் என்றும் அவர் வற்புறுத்தினார். தொடையென்பு முறிவுக்கு அவர் அமைத்த மட்டை முதலாம் உலகப்போரிற் பல்லாயிரம் உயிர்களைக் காத்தது. கழுத்துக்கும் அவர் ஒரு பட்டி அமைத்தார். பின்னாளில் வைத்தியசாலைகளிற் பெருவழக்காகிய கழுத்துப்பட்டிகளின் முன்னோடிகளுள் அதுவும் ஒன்று.

இவர்களைப் பிற்காலத்தவர் எளிதிற் குறைகூறுதல் நீதியாகாது. அக்காலத்தில் மூட்டுக்களையும் முள்ளந்தண்டையும் அழித்த பெருநோய் காசம். அதனைக் கொல்லும் மருந்து 1940கள் வரை கிடைக்கவில்லை. காசத்தால் அரிக்கப்பட்ட கழுத்தென்பு சரிந்தால் முண்ணாண் நசுங்கும், மரணமும் நேரும். அத்தகைய கழுத்தை அசையாது வைத்தமை விவேகமே. தவறு வேறோரிடத்தில் நிகழ்ந்தது. காசக் கழுத்துக்குக் கண்ட விதி, தையல் வேலையாலும் எழுத்துவேலையாலும் நொந்த சாதாரணக் கழுத்துக்கும் விதியாயிற்று. காசம் குறைந்த பின்னரும் விதி குறையவில்லை.

இயக்கக் கொள்கையோ மருத்துவர் அல்லாத ஒருவரிடமிருந்து தோன்றியது. சுவீடன் நாட்டவரான பேர் ஹென்றிக் லிங் (1776 - 1839) வாள்வித்தை ஆசிரியர்; கவிஞருங் கூட. 1813 இல் அரசின் ஆதரவுடன் ஸ்ரொக்ஹோமில் அவர் நிறுவிய மத்திய தேகாப்பியாச நிலையம், கல்வி, போர், மருத்துவம், அழகியல் என நான்கு பிரிவாகத் தேகாப்பியாசத்தை வகுத்துக் கற்பித்தது. அவற்றுள் மருத்துவப் பிரிவே ஈண்டு வேண்டப்படுவது. நோயாளி தானே செய்யும் அசைவு, பிறர் செய்விக்கும் அசைவு என்பவற்றோடு, நோயாளி அசைக்க முயலப் பயிற்றுநர் தம் கையால் அதனைத் தடுத்து நிற்கும் அசைவு என்றொரு வகையும் அம்முறையில் இருந்தது. தலையைப் பின்னோக்கித் தள்ளும் நோயாளியின் பிடரியிற் பயிற்றுநர் கைவைத்து எதிர்த்தல் இதற்கு உதாரணம். இன்று கழுத்துப் பயிற்சியின் உயிர்நிலையாகக் கொள்ளப்படும் தடைப்பயிற்சி இதுவேயாகும். கருவி மாறியிருக்கின்றது, கருத்து மாறவில்லை.

லிங்கின் வழிவந்த மருத்துவர் குஸ்தாவ் சான்டர் (1835 - 1920) பயிற்றுநரின் கைக்குப் பதிலாக இயந்திரத்தை வைத்தார். 1865 இல் ஸ்ரொக்ஹோமில் அவர் திறந்த நிலையத்தில் நெம்புகோல்களும் நகர்த்தக்கூடிய பாரங்களும் கொண்ட பொறிகள் நிறைந்திருந்தன. பாரத்தை நெம்புகோலில் நகர்த்துந்தோறும் தடை கூடும் அல்லது குறையும். எனவே ஒவ்வொரு நோயாளிக்கும் எவ்வளவு வேலை என்பதை எண்ணாற் குறித்துவைக்க முடிந்தது. மருந்துக்கு அளவு இருப்பதுபோலப் பயிற்சிக்கும் அளவு உண்டு என்னும் கருத்து இங்கேதான் தெளிவாகத் தலைகாட்டுகின்றது. ஐரோப்பாவினதும் அமெரிக்காவினதும் செல்வர்கள் நாடிய நீராட்டு நகரங்களில் இப்பொறிகள் பரவின. ஆனாற் பெரும் மூலதனம் வேண்டிய இம்முறை முதலாம் உலகப்போரின் பின் நலிந்து மறைந்தது. அளவு என்னும் கருத்தும் அதனோடு ஏறக்குறைய மறந்துபோயிற்று.

பிரித்தானியாவில் இயக்கச் சிகிச்சையின் வரலாறு வேறொரு வழியிற் சென்றது. பிடித்துவிடுதலைத் தொழிலாகக் கொண்ட சில இல்லங்கள் உண்மையில் விபசார விடுதிகள் என 1894 இல் பிரித்தானிய மருத்துவ ஏடு குற்றஞ் சாட்டியது. நேர்மையாகத் தொழில் செய்த பெண்களின் நற்பெயருக்கு இதனால் இழுக்கு நேர்ந்தது. அதே ஆண்டில், தாதித் தொழிலும் மருத்துவிச்சித் தொழிலும் சார்ந்த றொசலின்ட் பஜெற் முதலிய நான்கு பெண்கள் பயிற்றப்பட்ட பிடித்துவிடுவோர் சங்கத்தை இலண்டனில் நிறுவினர். மருத்துவர் பணித்தாலன்றிச் சிகிச்சை செய்வதில்லை, ஆண் நோயாளரைப் பொதுவாக ஏற்பதில்லை என்பன போன்ற கடும் விதிகளைத் தமக்குத் தாமே விதித்துக்கொண்டனர். போர்க்காலத்துக் காயமுற்றோருக்கு ஆற்றிய பணி சங்கத்தை உயர்த்தியது. 1920 இல் அரச சாசனம் கிடைத்தது. 1944 இல் அது, இன்று பிசியோதெரப்பி எனப் பலரும் வழங்கும் இயன்மருத்துவத்தின் பெயரைத் தாங்கிய சாசனச் சங்கமாயிற்று.

இவ்விதிகள் பெண்களின் மானத்தைக் காத்தன. ஆனால் அவர்தம் அறிவைக் கட்டிப்போட்டன. சுவீடன் முறைப் பயிற்சிகளை அவர்கள் கற்றிருந்தனர். எனினும் எந்த நோயாளிக்கு எதனைச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை மருத்துவரிடமே இருந்தது. ஓய்வுக் கொள்கையில் வளர்ந்த மருத்துவர் கழுத்துக்கு வெப்பமும் பிடித்துவிடுதலும் இழுவையும் பட்டியும் எழுதிக்கொடுத்தனர். எழுதிக்கொடுத்ததைச் செய்வதே அவர்கள் தொழிலாயிற்று. ஒரு வாள்வித்தை ஆசிரியரும் சில தாதியரும் ஒருபுறம், அரச கல்லூரியின் சத்திரசிகிச்சையாளர் மறுபுறம் என நின்ற இவ்வழக்கில் எப்புறம் வென்றது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

எக்ஸ்-கதிர் பரவியபோது ஓய்வுக் கொள்கைக்குப் புதியதோர் ஆதாரம் கிடைத்ததுபோலத் தோன்றியது. நடுவயதினரின் கழுத்துப் படங்களிலே தட்டுக்கள் ஒடுங்கியும் என்பு விளிம்புகள் துருத்தியும் காணப்பட்டன. 1952 இல் றசல் பிறெயினும் அவர்தம் சகாக்களும் கழுத்தென்புத் தேய்வுபற்றி விரிவாக எழுதினர். அவர்கள் பெரிதும் கருதியது முண்ணாணும் நரம்பும் தாக்குண்ட நோயாளரையே. எனினும் தேய்வு என்னுஞ் சொல் மருத்துவர் வாயிலிருந்து மக்கள் வாய்க்கு இறங்கியது. தேய்ந்த பொருளைப் பயன்படுத்தினால் மேலுந் தேயும் என்பது எவர்க்கும் எளிதில் விளங்கும் நியாயம். தம் கழுத்துத் தேய்ந்துவிட்டதென்று கேட்ட ஒருவர் அதனை அசைக்க அஞ்சியதில் வியப்பில்லை.

இந்நியாயம் பிழையென்பது பிந்தியே தெரியவந்தது. வலியற்றோர் 200 பேரின் கழுத்துப் படங்களை ஆராய்ந்து 1986 இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று, 60 தொடக்கம் 65 வயதுக்குட்பட்ட ஆண்களுள் 95 வீதத்தினரிடமும் பெண்களுள் 70 வீதத்தினரிடமும் ஒரு மாற்றமேனும் காணப்பட்டதாகக் கூறியது. 1998 இல் யப்பானிய ஆய்வாளர் வலியற்ற 497 பேரைக் காந்தப் படமெடுத்து நோக்கியபோதும், வயதேற ஏறத் தட்டுக்கள் மாறிச் செல்வது நோயின் அடையாளமன்று, நரையைப் போன்ற ஒன்று என்பதே பெறப்பட்டது. படத்திற் காணும் தேய்வும் நோயாளி உணரும் வலியும் ஒன்றையொன்று அளவாகத் தொடர்வதில்லை.

ஓய்வுச் சிகிச்சைகளைச் சோதனைக்கு உட்படுத்திய முதன் முயற்சிகளுள் ஒன்று 1966 இல் வெளிவந்தது. பிரித்தானிய பௌதிக மருத்துவச் சங்கம் பல வைத்தியசாலைகளை ஒன்றுசேர்த்து நடத்திய அவ்வாய்வு, கழுத்திலும் கையிலும் வலியுற்றோரைக் குழுக்களாகப் பிரித்தது. ஒரு குழுவினருக்கு இழுவை. ஒரு குழுவினருக்குப் பட்டி. ஒரு குழுவினருக்குக் கழுத்தை வைத்திருக்கும் நிலைபற்றிய போதனை. எஞ்சியோருக்கு மருந்தற்ற வெறுங் குளிசை, அல்லது மின்னலை பாயாத வெற்று வெப்பக் கருவி. சில வாரங்களில் எல்லாக் குழுக்களிலும் பெரும்பான்மையோர் தேறினர். குழுக்களிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. பல ஆண்டுகளாகச் செய்துவந்த இழுவை, வெறுங் குளிசையை விஞ்சவில்லை என்பது சிறிய செய்தியன்று. ஆயினும் வைத்தியசாலைகளின் இழுவைக் கட்டில்கள் இருந்த இடத்திலேயே இருந்தன.

இதற்கிடையிற் பயிற்சியின் அளவு என்னும் கருத்து அமெரிக்காவில் மறுபிறப்பெடுத்தது. சிக்காகோவின் படை வைத்தியசாலையொன்றிற் பணிபுரிந்த தோமஸ் டெலோம், இளமையில் வாதக் காய்ச்சலால் மெலிந்து, பின் பாரந் தூக்கித் தேறியவர். முழங்காற் காயத்தால் தொடைத்தசை வற்றிய போர்வீரர்களுக்கு, இலேசான அசைவைப் பன்முறை செய்விக்கும் வழக்கத்தை விடுத்து, பத்துமுறை மாத்திரமே தூக்கக்கூடிய அளவு பெரும்பாரத்தைக் கொடுத்தார். வலிமை கூடக்கூடப் பாரத்தையுங் கூட்டினார். 1945 இல் அவர் வெளியிட்ட கட்டுரை வலுப்பயிற்சியின் அடித்தளமாயிற்று. தொடைக்குப் பொருந்திய இவ்விதி கழுத்தை எட்ட அரை நூற்றாண்டுக்கு மேற் சென்றது. கழுத்தினூடே முண்ணாண் செல்கின்றது என்னும் அச்சம் ஒரு காரணம். நாட்பட்ட கழுத்துவலியாற் பெரிதும் வருந்தியோர் பெண்கள் என்பதும், பெண்களுக்குப் பாரப்பயிற்சி ஒவ்வாது என்னும் அக்கால எண்ணமும் சேர்ந்து இன்னொரு காரணமாயிருத்தல் கூடும்.

1950களிலும் 1960களிலும் இயன்மருத்துவரின் கவனம் கைவழிச் சிகிச்சையின்பாற் சென்றது. இலண்டனில் ஜேம்ஸ் சிறியாக்ஸ், நோர்வேயில் பிரெடி கால்ற்றன்போண், அவுஸ்திரேலியாவில் ஜெப்றி மேற்லண்ட் ஆகியோர் மூட்டுக்களைக் கையால் அசைத்துச் சீர்செய்யும் முறைகளை வகுத்தனர். இம்முறைகள் இயன்மருத்துவருக்கு நோயை ஆராய்ந்தறியும் ஆற்றலைத் தந்தன. எனினும் நோயாளி இன்னும் கிடக்கும் உடலாகவே இருந்தார். வேலை செய்தது வைத்தியர் கையே. இதனை மாற்ற முயன்றவர் நியூசிலாந்தின் றொபின் மக்கென்சி (1931 - 2013). 1956 இல் வெலிங்ரனில் அவரது சிகிச்சை நிலையத்துக்கு வந்த நோயாளியொருவர், நாரிப்பகுதி பின்னோக்கி வளையும்படி அமைந்திருந்த மேசையிற் குப்புறக் கிடந்து, கவனிப்பாரின்றிச் சிலநேரம் சென்றபின் வலி குறைந்ததெனக் கூறினார் என்பது இயன்மருத்துவ மாணாக்கர் பலரும் கேட்டிருக்கக்கூடிய கதை. அதிலிருந்து மக்கென்சி பெற்ற முடிவு, நோயாளி தானே செய்யும் மீட்டல் அசைவுகள் வைத்தியர் கையின் வேலையைச் செய்யும் என்பது. கழுத்துவலியுடையோர் நாடியைப் பின்னிழுத்துத் தலையை முதுகுக்கு நேரே கொணரும் அசைவு அவர் முறையினாலேயே உலகெங்கும் பரவியது. 1983 இல் பொதுமக்களுக்கென அவர் எழுதிய சிறுநூல், கழுத்தை உடையவரே அதற்கு வைத்தியம் செய்யலாம் எனக் கூறியது.

தொழிலின் நிலையும் அக்காலத்திலேயே மாறியது. 1976 இல் அவுஸ்திரேலிய இயன்மருத்துவர் சங்கம், மருத்துவர் அனுப்பினாலன்றி நோயாளரை ஏற்பதில்லை என்னும் தன் பழைய விதியைக் கைவிட்டது. அடுத்த ஆண்டிற் பிரித்தானிய அரசு, சிகிச்சையின் வகையையும் அளவையும் இயன்மருத்துவரே தீர்மானிக்கலாம் என ஏற்றது. 1894 இல் இட்ட கட்டு எண்பத்துமூன்று ஆண்டுகளின் பின் அவிழ்ந்தது.

கழுத்துப்பட்டிக்கு நேர்ந்த பெருஞ்சோதனை வீதி விபத்துக்களால் வந்தது. பின்னாலிருந்து மோதுண்ட வாகனத்திற் கழுத்து முன்னும் பின்னும் வீசப்படுவதாற் படும் சவுக்கடிக் காயத்துக்கு உடனே பட்டியிடுவதே வழக்கம். 1986 இல் டப்ளினிலிருந்து வெளிவந்த ஆய்வொன்று, பட்டியும் ஓய்வும் பெற்றோரைக் காட்டிலும் தொடக்கத்திலேயே அசைவிக்கப்பட்டோர் எட்டு வாரத்தில் நன்கு தேறியதைக் காட்டியது. 1989 இல் பெல்பாஸ்ற் ஆய்வின் முடிவு இன்னும் வியப்பானது. ஈராண்டுகளின் பின்னர், ஓய்வு பெற்றோருள் 46 வீதத்தினரிடம் நோய்க்குறி எஞ்சியிருந்தது. இயன்மருத்துவ நிலையத்தில் முறையாகச் சிகிச்சை பெற்றோருள் 44 வீதத்தினரிடம் எஞ்சியிருந்தது. வீட்டிலேயே கழுத்தை அசைக்கும்படி சொல்லிக்கொடுத்து அனுப்பப்பட்டோரிடமோ 23 வீதமே. பட்டி தோற்றது, ஆனால் நிலையமும் வெல்லவில்லை. 1995 இல் கனடாவின் கியூபெக் மாகாணத்து நிபுணர் குழு, நெடுநாட் பட்டியிடுதலைக் கைவிட்டு விரைவில் இயல்பு வாழ்வுக்குத் திரும்புமாறு பரிந்துரைத்தது. 1998 இல் நோர்வேயில் 201 பேரிடம் நடத்திய ஆய்வும் அதனை அரண்செய்தது.

இவையெல்லாம் புதிய காயத்துக்குரியன. மாதக்கணக்காய் நொந்த கழுத்தின் நிலை வேறு. அதனை ஆராய்ந்தோருள் அவுஸ்திரேலியக் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குவென்டலின் ஜூல் குறிப்பிடத்தக்கவர். மல்லாந்து கிடக்கும் நோயாளியின் பிடரியின்கீழ் ஒரு சிறு காற்றுப் பையை வைத்து, அதனை 20 மில்லிமீற்றர் இரச அமுக்கத்துக்கு நிரப்பி, தலையாட்டி ஆம் எனச் சொல்வதுபோல் மெல்ல நாடியை அசைத்து, அமுக்கத்தை இரண்டிரண்டாக 30 வரை உயர்த்தி ஒவ்வொரு படியிலும் நிறுத்தும்படி கேட்பது அவர் முறை. வலியற்றோர் இதனை எளிதிற் செய்வர். நாட்பட்ட வலியுடையோரோ இடைப்படியிலேயே தளர்ந்து, கழுத்தின் முன்புறத்துப் பெருந்தசைகளை இறுக்கிச் சமாளிப்பர். 2004 இல் டெபோறா பல்லாவும் சகாக்களும் மூக்கின் வழியே செலுத்திய மின்வாயினால் ஆழத்துத் தசைகளின் மின்னியக்கத்தைப் பதிந்து, வலியுடையோரிடம் அது குறைந்திருத்தலை மெய்ப்பித்தனர். வலியுற்ற கழுத்து ஓய்ந்திருக்கவேண்டிய கழுத்தன்று. சில தசைகள் ஏற்கனவே ஓய்ந்துவிட்ட கழுத்து என்னும் கருத்து இதனாற் பிறந்தது. கழுத்தினின்றெழும் தலைவலியுடைய 200 பேரிடம் ஜூல் நடத்தி 2002 இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய மென்பயிற்சியும் கைவழிச் சிகிச்சையும் தனித்தனியே பயன் தந்தன. பயன் ஓராண்டு நிலைத்தது. இரண்டையுஞ் சேர்த்தபோது குறிப்பிடத்தக்க மேலதிக நன்மை காணப்படவில்லை.

2003 ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு விசித்திரமான ஆண்டு. பின்லாந்திலிருந்து அவ்வாண்டில் இரு ஆய்வுகள் வெளிவந்தன. இரண்டிலும் பங்குகொண்டோர் நாட்பட்ட கழுத்துவலியுடைய அலுவலகப் பெண்களே. யாரி யூலினெனும் சகாக்களும் 180 பேரை எழுமாறாக மூன்று குழுக்களாக்கினர். ஒரு குழு தலையைச் சுற்றிய இறப்பர்ப் பட்டியைத் தன் உச்ச விசையின் 80 வீதத்துக்கு இழுத்துக் கழுத்தை வலுப்படுத்தியது. இன்னொன்று கிடந்தவாறு தலையை உயர்த்தும் தாங்குபயிற்சி செய்தது. மூன்றாவது குழுவுக்கு நடைபோன்ற பொதுப்பயிற்சியும் தசைநீட்டலும் மட்டுமே அறிவுறுத்தப்பட்டன. ஓராண்டின் முடிவில் வலி பெரிதும் அல்லது முற்றாகத் தீர்ந்தோர் முதற் குழுவில் 73 வீதம்; இரண்டாவதில் 59 வீதம்; மூன்றாவதில் 21 வீதம். கழுத்தைக் குனியவைக்கும் வலிமை முதற் குழுவில் இருமடங்குக்கு மேலாயிற்று. டெலோம் தொடைக்குக் கண்டது கழுத்துக்கும் பொருந்திற்று.

மற்றைய ஆய்வு 393 பெண்களை உட்கொண்டது. ஒரு குழுவினர் இலேசான கைப்பாரங்களுடன் தசைப்பயிற்சி செய்தனர். ஒரு குழுவினர் தசைகளைத் தளர்த்தும் பயிற்சி பெற்றனர். ஒரு குழுவினர் வழமைபோல் வாழ்ந்தனர். பன்னிரண்டு வாரப் பயிற்சியின் பின்னரும், ஓராண்டின் பின்னரும் மூன்று குழுவினரிடையேயும் வேறுபாடு இல்லை.

ஒரே நாடு, ஒரே ஆண்டு, ஒத்த பெண்கள். முடிவு மட்டும் முரண்பட்டது. இம்முரணைத் தீர்க்க வேறுபாடுகளை நோக்குதல் வேண்டும். முதலாவதிற் கழுத்துத் தசைகள் நேரே பெருந்தடையை எதிர்கொண்டன. தடை அளந்து கொடுக்கப்பட்டது. இரண்டாவதிற் சுமை சிறிது. முதலாவதிற் பயிற்சிக் குழுவினர் தொடக்கத்திற் பன்னிரண்டு நாள் புனர்வாழ்வு நிலையத்திலே தங்கிக் கற்றனர். இப்பன்னிரண்டு நாளின் உபசரிப்பும் ஊக்கமுமே பயனின் ஒரு பகுதியைத் தந்திருக்கலாம் என ஐயுறுவாரும் உளர். அவ்வையம் முற்றாகத் தள்ளத்தக்கதன்று. எவ்வாறாயினும், பயிற்சி நல்லதா என்று பொதுப்படக் கேட்பது, மருந்து நல்லதா என்று கேட்பதை ஒக்கும் என்பது இவ்விரு ஆய்வுகளையும் அருகருகே வைத்துப் படிப்பார்க்கு விளங்கும்.

டென்மார்க்கின் ஆய்வாளர் இவ்வினாவைத் தொழிலகத்துக்கே கொண்டுசென்றனர். லார்ஸ் அன்டர்சனும் சகாக்களும் 2008 இல் வெளியிட்ட ஆய்வில், கழுத்துக்கும் தோளுக்கும் நேரே கொடுத்த வலுப்பயிற்சி, துவிச்சக்கர வண்டி மிதிக்கும் பொதுப்பயிற்சியைக் காட்டிலும் வலியை நெடிது குறைத்தது. 2011 இல் அவர்கள் 198 பேரிடம், இறப்பர்க் குழாயை இழுத்துக் கையைப் பக்கவாட்டில் உயர்த்தும் ஒரே பயிற்சியை வாரத்தில் ஐந்து நாள் செய்வித்தனர். ஒரு குழு நாளொன்றுக்குப் பன்னிரண்டு நிமிடமும் இன்னொன்று இரண்டு நிமிடமுமே செய்தன. பத்து வாரத்தில் இரு குழுக்களிலும் வலி குறைந்தது. நேரமில்லை என்னும் சாட்டுக்கு இவ்வாய்வு இடம்வைக்கவில்லை.

ஆயினும் இங்கு வேறோர் அபாயம் உண்டு. 1980களின் நடுப்பகுதியில் அவுஸ்திரேலியாவிற் பெருந்தொகையான தட்டச்சாளரும் விசைப்பலகைத் தொழிலாளரும் கழுத்திலும் கையிலும் வலி என முறையிட்டபோது, பழுது வேலையிலா தொழிலாளியிலா என்பது பெரும் வழக்காயிற்று. மெய்யான காயம் என்றனர் ஒருசாரார். மனத்தின் தோற்றம் என்றனர் மறுசாரார். இரண்டு நிமிடப் பயிற்சி மலிவானது. மேசையின் உயரத்தையும் வேலையின் வேகத்தையும் மாற்றுவதோ செலவு மிக்கது. முன்னையதைக் கொடுத்துப் பின்னையதைத் தட்டிக்கழிக்க விரும்பும் முகாமையாளருக்குப் பயிற்சிச் சிகிச்சை வசதியான போர்வையாகக் கூடும். தொழிலாளியின் தசை வலுப்பெற்றது என்பதற்காக அவர் பார்க்கும் வேலை நல்லதாகிவிடுவதில்லை.

பயிற்சியின் எல்லையையும் ஆய்வுகள் காட்டாதுவிடவில்லை. 2014 இல் லான்செற் ஏட்டில் வெளிவந்த அவுஸ்திரேலிய ஆய்வு, நாட்பட்ட சவுக்கடிக் காயமுடைய 172 பேரை இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவினருக்கு இருபது அமர்வுகள் கொண்ட விரிவான பயிற்சித் திட்டம் கொடுக்கப்பட்டது. மற்றவருக்கு ஒரு கைந்நூலும், அரைமணி நேர ஆலோசனையும், தொலைபேசி உதவியுமே. வலி குறைந்த அளவில் இரு பிரிவினரும் ஒத்திருந்தனர். கால் நூற்றாண்டுக்கு முன் பெல்பாஸ்ற் காட்டியதன் எதிரொலி இதிற் கேட்கின்றது. 27 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய 2015 ஆம் ஆண்டுக் கொக்ரேன் மதிப்பீடு, நாட்பட்ட கழுத்துவலிக்குக் கழுத்தையும் தோட்பட்டையையும் வலுப்படுத்தும் பயிற்சிகள் பயன்தரும் என்பதற்கு நடுத்தரமான சான்று உண்டென்றது. உயர்தரச் சான்று எதுவுமில்லை என்றும் எழுதியது. ஜூலின் மென்பயிற்சியா, யூலினெனின் வன்பயிற்சியா, மக்கென்சியின் அசைவா சிறந்தது என்னும் விவாதத்தில் ஒன்று மற்றவற்றைத் தெளிவாக வென்றதாகச் சொல்வதற்கில்லை.

இத்தயக்கத்துக்கு ஒரு காரணம் ஆய்வாளரின் எழுத்திலேயே உள்ளது. மருந்தாய்வு செய்வோர் எத்தனை மில்லிகிராம், நாளுக்கு எத்தனை முறை எனக் குறிப்பர். பயிற்சியாய்வு செய்தோர் பலர், கழுத்துப் பயிற்சி கொடுக்கப்பட்டது என்ற அளவில் நிறுத்திக்கொண்டனர். எவ்வளவு தடை, எத்தனை தரம், எவ்வாறு கூட்டப்பட்டது, நோயாளி வீட்டில் உண்மையிற் செய்தாரா என்பன எழுதப்படாமையால், ஒருவர் செய்ததை இன்னொருவர் திரும்பச் செய்துபார்க்க இயலாதாயிற்று. 2016 இல் அனைத்துலக நிபுணர் குழுவொன்று, பயிற்சி ஆய்வொன்றை வெளியிடுவோர் கட்டாயம் குறிக்கவேண்டிய 16 அமிசங்களை வரையறுத்தது. பயன்படுத்திய கருவி, பயிற்றுநரின் தகைமை, பயிற்சியின் அளவு, அதனைக் கூட்டும் விதி, நோயாளி அதனைக் கைக்கொண்டமையை அளந்த முறை என்பன அவற்றுட் சில. 1865 இல் சான்டர் தம் நெம்புகோலில் நகர்த்திக் குறித்துவைத்த எண்ணையே நூற்றைம்பது ஆண்டுகளின் பின் மருத்துவ ஏடுகள் மீண்டும் கேட்கத் தொடங்கியுள்ளன.